பஞ்சாமிர்த டப்பாவில் எரிந்த விளக்கு

சிக்கந்தர் பாய் போய்விட்டார் என்ற சேதி வந்தபோது என் இரண்டு கையிலும் ஈர லைஃப் ஜாக்கெட் இருந்தது. காலை ஏழு மணி. முந்தின நாள் மழையில் நனைந்ததையெல்லாம் படகுத்துறைக்குப் பின்னால் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் படகு ஓட்டும் செபாஸ்டின் அண்ணன் படியில் இறங்கி வந்தார். தூரத்திலேயே கத்திக்கொண்டு வருகிற மனிதர். அன்றைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை சத்தமே இல்லை.

“வேலுத்தாயி, பாய் எந்திரிக்கல” என்றார்.

“எந்த பாய்?” என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. கொடைக்கானல் பஜாரில் எத்தனையோ பாய் இருக்கிறார்கள். ஏரியில் பாய் என்றால் ஒருவர்தான். வேறு யார் பெயரையாவது சொல்லிவிடமாட்டாரா என்ற ஆசையில் கேட்டது.

“நம்ம பாய்தான். ராத்திரி நல்லாச் சாப்ட்டுப் படுத்தவரு. வெள்ளனே தொழுகைக்கு எழுப்பப் போயிருக்காங்க. கை சில்லுன்னு கெடந்துச்சாம்.”

கையில் இருந்த ஜாக்கெட்டைக் கம்பியில் போட்டேன். அடுத்ததை எடுத்தேன். அதையும் போட்டேன். கூடையில் இருந்த அத்தனையையும் போட்டு முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

படகுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பாய்க்கு ஒரு சின்ன நினைவுப் புத்தகம் போடுகிறார்கள். எனக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. நான் என்னத்தை எழுத என்றேன். “அன்னைக்கு மொதல்ல பார்த்த கண்ணு உன்னுதுதான, நீ எழுதாம யாரு எழுத?” என்றார்கள். சரி, எழுதுகிறேன். பாயை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் அந்த ஒரு ராத்திரிதான் வருகிறது.  அழுதுகொண்டே சொல்கிற விஷயம் இல்லை அது.

பாயைத் தெரிந்தவர்களுக்கு அவர் கடையும் தெரிந்திருக்கும். பஜாரில் ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க இடமில்லாத கடை. டார்ச், எமர்ஜென்சி லைட், ரேடியோ, பேட்டரி எல்லாம் ரிப்பேர் செய்வார். அவர் போட்டிருக்கும் ஸ்வெட்டரில் ஈயம் தெறித்துப் பொத்தல் பொத்தலாக இருக்கும். செத்துப்போன டார்ச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தால், காதுப்பக்கம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “உசுரு இருக்கு, மூச்சுத்தான் அடைச்சிருக்கு” என்பார். எங்கள் படகுத்துறையில் எந்த விளக்கு கெட்டாலும் அவர்தான் வருவார். அப்படி வந்து போன இடத்தில்தான் அந்தப் பெரிய விளக்கைச் செய்தார்.

பெரிய விளக்கு என்றால் சாதாரணம் இல்லை. ஏதோ லாரியில் இருந்து கழற்றிய கண்ணாடி, சோற்றுப்பானை அகலம். அதை மோட்டார் படகின் மூக்கில் மாட்டினார். ஆள் யாராவது ஏரிக்குள் மாட்டிக்கொண்டால் தேடுவதற்கு. முதல்முதலாகப் போட்டுக் காட்டிய சாயங்காலம் கூட்டமான கூட்டம். வெளிச்சம் ஏரியைத் தாண்டி அந்தப் பக்கத்து மரத்தில் போய் அடித்தது. பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இத அடிச்சா பெருமாள்மலையில படுத்துக் கெடக்குற மாடு எந்திரிச்சு நிக்கும்” என்றார்.

“மாடு எந்திரிக்குமோ என்னமோ பாய், எங்க கண்ணு போயிரும் போலருக்கு” என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் பெயர் தண்டபாணி. துடுப்புப் படகு ஓட்டுகிறவர். இளைப்பு உண்டு. குளிர்க்காற்று மேலே பட்டால் நெஞ்சு பூனைபோல் கத்தும். உறிஞ்சுகிற மருந்தை எப்போதும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அதையும் அவர் போனையும் நான்தான் என் சாப்பாட்டுப் பையில் வைத்திருப்பேன். ஒருமுறை சட்டைப்பையில் இருந்து போன் தண்ணீருக்குள் விழுந்ததில் இருந்து அப்படி ஒரு ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தோம்.

அந்த ராத்திரி வந்தது ஒரு ஐப்பசி மாதம். சாயங்காலம் ஐந்தரைக்குக் கடைசிப் படகு அவருடையது. புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று வந்தது. பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு நேராக மலை ஏறி வந்தவர்கள். அந்தப் பெண் கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசு. நான்தான் அவளுக்கு ஜாக்கெட் மாட்டி விட்டேன். படகு போய்க் கால்மணி நேரம் இருக்கும், மேகம் இறங்கிவிட்டது. எங்கள் ஊர் மேகம் உங்களுக்குத் தெரியும். இப்போது எதிர்க்கரை தெரிகிறது என்று சொல்லி வாயை மூடுவதற்குள் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. மற்றப் படகெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. ஆறு ஆனது, ஆறரை ஆனது. இவர் படகு வரவில்லை.

போன் போட்டேன். என் பைக்குள்ளேயே அடித்தது.

அந்தச் சத்தம் கேட்டபோதுதான் மருந்தும் என்னிடம் இருப்பது உறைத்தது. அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை, ஓடினேன். பாய்க்கு ஆள் போனது. தொழுகை முடிந்த கையோடு வந்துவிட்டார். செபாஸ்டின் அண்ணன் மோட்டாரைக் கிளப்பினார். பாய் முன்னால் உட்கார்ந்து பெரிய விளக்கைப் பிடித்துக்கொண்டார். “அர மணி நேரம் தங்கச்சி, கொண்டாந்துருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சும்மா நிற்கவில்லை. நிற்க முடியுமா? ஏரிக்கரைக் கடை ஒவ்வொன்றாக ஓடினேன். “லைட்டப் போடுங்க, லைட்டப் போடுங்க, என் வீட்டுக்காரரு உள்ள மாட்டிக்கிட்டாரு” என்று கெஞ்சினேன். நல்ல ஜனம். பஜ்ஜிக்கடை, சோளக்கடை, சாக்லேட் கடை எல்லாரும் இருக்கிற பல்பை எல்லாம் வெளியே இழுத்து மாட்டினார்கள். குதிரைக்காரர்கள் பைக்கை ஏரியைப் பார்த்து நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டார்கள். டாக்சிக்காரர்களும் அப்படியே. நான் படகுத்துறை ஆபீஸில் இருந்து நீளமாக வயர் இழுத்து, துறையின் கடைசிப் பலகையில் இருக்கும் கம்பத்தில் ஒரு பெரிய பல்பைக் கட்டினேன். கரையே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. அவர் எங்கே இருந்தாலும் இதைப் பார்த்து வந்துவிடுவார் என்று அந்தக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மோட்டார் படகு போனது, வந்தது. இல்லை. மறுபடி போனது, வந்தது. இல்லை. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. மூன்றாவது தடவை போனபோது ஏரிக்குள் மோட்டார் சத்தம் நின்றுபோனது. கிடைத்துவிட்டார்களோ என்று கூட்டம் எல்லாம் முன்னால் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் படகு வந்தது. அதில் பாயும் செபாஸ்டின் அண்ணனும் மட்டும்தான். பெரிய விளக்கு அணைந்து கிடந்தது. ஃப்யூஸ் போய்விட்டதாம்.

படகு நிற்பதற்குள் பாய் பலகையில் குதித்தார். குதித்த வேகத்தில் தடுக்கி முட்டி போட்டார். எழுந்திருக்காமலே கத்தினார்.

“எல்லாரும் லைட்ட அமத்துங்க! ஒண்ணு விடாம அமத்துங்க!”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சோளக்கடைக்காரர்தான் கேட்டார். “ஏன் பாய், உமக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? ஆளக் காணோம்னு தேடிக்கிட்டிருக்கோம், இருட்டாக்கச் சொல்றீரு?”

“எங்கய்யா தேடுறோம்? நம்ம வெளிச்சத்த நம்மளே பார்த்துக்கிட்டு நிக்கிறோம். நான் அடிச்ச லைட்டு அம்புட்டும் மேகத்துல பட்டு என் மூஞ்சியிலதான் அடிச்சுச்சு. சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி நின்னுச்சு. ஃப்யூஸ் போனப்புறம்தான் பார்த்தேன். கண்ணு ஓரத்துல ஒரு பொட்டு. மங்கலா. திரும்பிப் பார்த்தா காணோம். கரையில நீங்க போட்டுருக்கீங்களே, அந்த வெளிச்சத்துல கலந்து போச்சு. அமத்துங்கய்யா, உங்க புள்ளைகளுக்குப் புண்ணியமாப் போகும்.”

ஒவ்வொன்றாக அணைந்தது. பைக்குகள் அணைந்தன. டாக்சிகள் அணைந்தன. பஜ்ஜிக்கடைக்காரர் அடுப்பைக்கூடத் தகரம் வைத்து மறைத்தார். கடைசியில் என் பல்பு மட்டும் எரிந்தது. நான் கம்பத்தை விடவில்லை.

“பாய், அவரு கரை எங்கன்னு பாக்க வேணாமா? இதையும் அமத்திட்டா அவரு எதப் பார்த்து வருவாரு?”

பாய் என் பக்கத்தில் வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

“அவனால வர முடிஞ்சா இம்புட்டு நேரம் வந்திருக்க மாட்டானா தாயி? அவன் நம்மளப் பார்த்து ஒண்ணும் ஆகப்போறதில்ல. நம்மதான் அவனப் பாக்கணும். அவன்கிட்ட ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கு. உன் பல்பு அத முழுங்குது.”

உன் பல்பு அதை முழுங்குது என்று சொன்னார் பாருங்கள், நான் கம்பத்தை விட்டேன். வயரைப் பிடித்து இழுத்தேன். பிடுங்கிக்கொண்டு வந்தது.

அப்படி ஒரு இருட்டை நான் பார்த்ததில்லை. யாரோ ஒரு பெண் அழுதாள். பாய் அதட்டினார். “பேசாதீங்க. பீடி சிகரெட்டு ஒண்ணும் வேணாம். நூறு எண்ணுங்க. கண்ணு இருட்டுக்குப் பழகட்டும். ஏரிய நேராப் பாக்காதீங்க, கொஞ்சம் ஓரமாப் பாருங்க.” நூறு எண்ணினோம். ஒன்றும் இல்லை. “இன்னொரு நூறு” என்றார். நான் எண்ணிக்கொண்டே என் பையில் இருக்கும் மருந்தை இறுக்கிப் பிடித்திருந்தேன். முப்பதோ நாற்பதோ வந்தபோது, இடது பக்கம், பைன் மரச் சரிவுக்குக் கீழே, தண்ணீரோடு தண்ணீராக, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெளிறின மஞ்சள். திரும்பிப் பார்த்தேன், மறைந்தது. பாய் சொன்னபடி கண்ணை நகர்த்தினேன், வந்தது. ஒன்று இல்லை, இரண்டு. ஒன்றுக்குக் கீழே ஒன்று.

“அந்தா! பாய், அந்தா!”

“கைய நீட்டு! அசையாத!” என்றார் பாய். நான் நீட்டிய கைக்கு நேர் கீழே பலகையில் ஒரு துடுப்பை வைத்தார். துடுப்பு காட்டுகிற திசையில் விளக்கில்லாமல் மோட்டார் படகு போனது. நான் கையைக் கீழே இறக்கவே இல்லை. அந்த மஞ்சள் பொட்டில் இருந்து கண்ணையும் எடுக்கவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. கை மரத்துப்போனது. பிறகு மோட்டார் சத்தம் திரும்பி வந்தது. அதற்கு நடுவில் ஒரு இருமல் கேட்டது.

புருஷன் இருமுவதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்டாட்டி இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கரையே கத்தியது. லைட்டெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. அவர் உதடு நீலமாக இருந்தது. மருந்தை வாயில் வைத்து அமுக்கினேன். ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவது மூச்சு உள்ளே போனது.

என்ன நடந்தது என்றால், துடுப்பு மாட்டுகிற வளையம் உடைந்து ஒரு துடுப்பு தண்ணீரோடு போய்விட்டது. படகைக் காற்று இழுத்துக்கொண்டு போய்ப் பாசிக்குள் சொருகிவிட்டது. ஜோடியின் போன் இரண்டும் பகலெல்லாம் படம் எடுத்தே தீர்ந்துபோயிருந்தது. இளைப்பில் இவரால் கத்த முடியவில்லை. அந்தப் பையன் தொண்டை கட்டும்வரை கத்தியது மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இருந்தது இவர் இடுப்பில் இருந்த ஒரு சின்ன டார்ச். அதை எந்தப் பக்கம் அடித்தாலும் மேகம் குடித்துவிட்டது. பசி தாங்காமல் பழனியில் வாங்கிய பஞ்சாமிர்தத்தை மூன்று பேரும் சாப்பிட்டிருக்கிறார்கள். தூறல் பிடித்ததும் டார்ச் நனையக் கூடாது என்று அந்தப் பெண் காலி டப்பாவுக்குள் அதைப் போட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. உள்ளே வெளிச்சம் பட்டதும் டப்பா முழுக்க விளக்காகி, நாலு பக்கமும் தெரிந்தது. கரை இறங்கும்போதும் அவள் அதை விடவில்லை. பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மூச்சு வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்ன முதல் பேச்சு இதுதான். “பாய், மூணு தடவ எங்களத் தாண்டிப் போனீங்க. ஒரு தடவ உங்க ஸ்வெட்டர் பொத்தல்கூடத் தெரிஞ்சுச்சு.”

பாய் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்ன டப்பாம்மா?”

“பழனி பஞ்சாமிர்தம் அங்கிள். சாரி, எல்லாம் சாப்ட்டுட்டோம்” என்றாள் அந்தப் பெண்.

பாய் சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். “நீங்க முருகான்னு சொல்லிக்கங்க, நான் அல்லான்னு சொல்லிக்கிறேன். டப்பாவ மட்டும் எங்கிட்டக் குடுங்க.”

மறுநாள் காலையில் அவர் செய்த முதல் வேலை, அந்தப் பெரிய விளக்கைக் கழற்றியது. அவ்வளவு பெருமையாக மாட்டியதை அவரே ஸ்பானர் போட்டுக் கழற்றினார். செபாஸ்டின் அண்ணன், “ஏன் பாய், பெருமாள்மலை மாடு தூங்கட்டும்னா?” என்று கேலி பேசினார். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. “நான் பாக்கணும்னுதான் வெளக்கு செஞ்சேன் செபாஸ்டினு. அவன் தெரியணும்னு செய்யலையே” என்றார்.

அன்றிலிருந்து பழனிக்கு யார் போனாலும் பாய் விடமாட்டார். “பஞ்சாமிர்தம் நீ தின்னு, டப்பா எனக்குக் கொண்டா.” பாதயாத்திரை போகிறவர்கள், பஸ் டிரைவர்கள், பூக்காரம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்தார். கடையில் இடம் இல்லாமல் வீட்டில் அடுக்கினார். அவர் வீட்டம்மா நூர்ஜகான் அக்கா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏன் வேலுத்தாயி, உன் புருசனக் காப்பாத்துன டப்பா சரி, என் வீட்டுக்குள்ள எறும்பு பட்டாளமே வந்துருச்சே, இத எவன் காப்பாத்துறது?” பாய் உள்ளே இருந்து, “எறும்பும் பொழைக்கட்டும்டி” என்றார்.

டப்பாவைச் சுற்றி ஒட்டியிருக்கும் தாளில் சாமி படம் இருக்கும். அதை வெந்நீரில் ஊறவைத்துக் கிழியாமல் எடுப்பார். காயவைத்து, அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு என்னிடம் கொடுப்பார். “சாமி படம். குப்பையில போடக் கூடாது. நான் வச்சிருந்தா எனக்கு மரியாத தெரியாது. நீ கொண்டு போ.”

பிறகு ஆரம்பித்தது பரிசோதனை. தினமும் சூரியன் இறங்கினதும் தொழுகிற மஃரிப் தொழுகை முடித்து ஏரிக்கு வந்துவிடுவார். என் வீட்டுக்காரர் மேலுக்குப் போர்த்திக்கொண்டு, மருந்தை இப்போது தன் பையிலேயே வைத்துக்கொண்டு, படகில் டப்பா விளக்கோடு நடு ஏரிக்குப் போவார். நான் கரையில் நிற்பேன். “உன் கண்ணுதான் எனக்கு மீட்டர்” என்பார் பாய். சிவப்புத் தாள் சுற்றிப் பார்த்தோம். அழகாக இருந்தது, கொஞ்ச தூரத்தில் செத்துப்போனது. விட்டு விட்டு எரிகிற விளக்கு வைத்துப் பார்த்தோம். சட்டென்று கண்ணில் பட்டது. ஆனால் எங்கே என்று விரலை நீட்டுவதற்குள் மறைந்தது. பெடல் படகின் கூரையில் உயரமாக மாட்டினோம். மேட்டில் இருக்கும் ஓட்டல் ஜன்னல்களோடு சேர்ந்துகொண்டது. கடைசியில் தண்ணீரை ஒட்டித் தாழ்வாகக் கட்டினோம். கீழே தண்ணீரிலும் ஒன்று எரிந்தது. பாய் துள்ளிக் குதித்தார்.

“ஒண்ணாத் தெரிஞ்சா ஓட்டலு. ரெண்டாத் தெரிஞ்சா படகு. எழுதி வச்சுக்கங்க!”

எல்லாப் படகிலும் டப்பா விளக்கு ஏறியது. அப்போது இருந்த மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. டூரிஸ்ட் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றார். பாய் சொன்ன பதிலை நாங்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். “சிரிக்கட்டும் சார். சிரிக்கிறவன் பத்திரமா இருக்கான்னு அர்த்தம்.”

கடைக்காரர்களைச் சம்மதிக்க வைத்தது அதைவிடப் பெரிய கூத்து. தினமும் ஏழு மணிக்கு, பாய் துறையில் நின்று “அமத்துங்க” என்று ஒரு குரல் கொடுப்பார். நூறு எண்ணுகிற நேரம் கரை முழுக்க இருட்டாக இருக்க வேண்டும். நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் “போட்டுக்கங்க” என்பார். பஜ்ஜிக்கடைக்காரர் சண்டைக்கே வந்தார். “நூறு எண்ணுறதுக்குள்ள என் பஜ்ஜி கருகிரும் பாய்.” “அப்ப அம்பதுல திருப்பிப் போடு” என்றார் பாய். அதற்கப்புறம் பஜ்ஜிக்கடைக்காரரே அம்பது வந்ததும் சத்தமாக “திருப்பியாச்சு” என்பார். கரை முழுக்கச் சிரிப்பு கேட்கும்.

போன வருஷம் காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் பெடல் படகில் மாட்டிக்கொண்டார்கள். அதே மேகம், அதே இருட்டு. செயின் அறுந்துவிட்டது. பாய் குரல் கொடுத்தார், கரை அணைந்தது, நான் கையை நீட்டினேன், துடுப்பு வைத்தார், படகு போனது. அடுப்பில் வைத்த டீ பொங்குவதற்குள் பிள்ளைகள் கரையில் நின்றார்கள். அவர்களுக்குத் தாங்கள் தொலைந்துபோனதே தெரியாது. செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாய்க்கு ரொம்பச் சந்தோஷம்.

ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாயும் சொல்லியிருக்க மாட்டார். பரிசோதனை செய்த நாட்களில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். எங்கள் வீடு இருக்கும் வில்பட்டிக்குக் கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயம் வேறு. பாய் “தெரியுதா?” என்றார். ஒன்றும் தெரியவில்லை. “தெரியுது பாய்” என்று சொல்லிவிட்டேன். லைட்டெல்லாம் போட்டாயிற்று. நான் பையைத் தூக்கினேன். அப்போது என் வீட்டுக்காரர் கரை வந்து சேர்ந்து, “பாய், பாதி வழியிலயே வெளக்கு அணைஞ்சு போச்சு” என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னார். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லு தங்கச்சி. நீ தெரியுதுன்னு சொல்லிட்டா, நான் தேடுறத நிப்பாட்டிருவேன்ல.”

பஸ் முழுக்க அந்தப் பேச்சுதான் என்னோடு வந்தது. இத்தனை வருஷமாகியும் இறங்கவில்லை.

பாயை அடக்கம் செய்த அன்று நான் அவர் வீட்டுக்குப் போய் நூர்ஜகான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.  பாயைத் தூக்கிப்போன சந்தூக்குப் பெட்டி தெருவைத் தாண்டிய பிறகு அக்கா எழுந்துபோய், கழுவாத டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். தாள்கூட உரிக்கவில்லை. “நேத்துதான் எவனோ பழனியில இருந்து கொண்டாந்து குடுத்தான். இனி எறும்பு வராது வேலுத்தாயி” என்றார். அப்போதுதான் இரண்டு பேரும் அழுதோம்.

ஏழு மணிக்கு ஏரிக்கு வந்தேன். அன்று படகே போகவில்லை. என் வீட்டுக்காரரும் செபாஸ்டின் அண்ணனும் பாயைத் தூக்கிப் போய்விட்டு வந்து படியில் உட்கார்ந்திருந்தார்கள். “கெளம்புங்க, வெளக்குப் பாக்கணும்” என்றேன்.

“இன்னைக்கு எதுக்குத் தாயி?” என்றார் செபாஸ்டின் அண்ணன்.

“பாய் இருந்தா விடுவாரா?”

என் வீட்டுக்காரர் எழுந்து துடுப்பை எடுத்தார். படகு இருட்டுக்குள் போனது. குரல் கொடுக்க ஆள் இல்லை. என் குரல் அவ்வளவு தூரம் போகுமா என்று தெரியாது. துறையின் கடைசிப் பலகையில், அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, வயிற்றில் இருந்து கத்தினேன்.

“அமத்துங்கய்யா!”

கரை மொத்தமும் அணைந்தது. அப்படி ஒரே நேரத்தில் அணைந்தது பாய் காலத்தில்கூட இல்லை. எண்ண ஆரம்பித்தேன். அம்பதில் பஜ்ஜிக்கடையில் இருந்து சத்தம் வரவில்லை. அந்த மனுஷன் சட்டியையே இறக்கி வைத்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. நூறு வந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏரி முழுக்கக் கலங்கிக் கிடந்தது. கலங்கியது ஏரி இல்லை, என் கண்.

நடு ஏரியில் இருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. “ஏ வேலுத்தாயி, தெரியுதா?”

அவருக்குக் குளிரும். இளைப்பு வரும். கடைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். தெரியுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். வாய் வரைக்கும் வந்தது.

“தெரியல!” என்று கத்தினேன். “இருங்க! இன்னொரு நூறு!”

யாரும் ஒரு லைட்டையும் போடவில்லை. முந்தானையால் கண்ணை நன்றாகத் துடைத்தேன். ஒன்றில் இருந்து மறுபடி எண்ணினேன். இந்தத் தடவை நேராகப் பார்க்கவில்லை. கொஞ்சம் ஓரமாகப் பார்த்தேன்.

பாயிடம் இருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், ரப்பர் பேண்ட் போட்ட சாமி படக் கட்டு ஒன்று இருக்கிறது. கழுவாத டப்பா ஒன்று இருக்கிறது. அதைவிட, தெரியாததைத் தெரியவில்லை என்று சத்தமாகச் சொல்லுகிற அந்த ஒரு வார்த்தை இருக்கிறது. அது என் சாவு வரைக்கும் என்னோடு இருக்கும்.

நீங்கள் ஏரிப்பக்கம் வந்தால் ஏழு மணிக்கு உங்கள் வண்டி லைட்டைக் கொஞ்சம் அமர்த்துங்கள். ஒரு பொம்பளைக் குரல் கேட்கும். பயப்பட வேண்டாம், அது நான்தான். அன்றைக்கு இரண்டாவது நூறில் எழுபத்து மூன்று எண்ணியபோது நான் போட்ட சத்தம் பஜார் வரைக்கும் கேட்டதாம்.

“தெரியுது! ரெண்டாத் தெரியுது!”